கடலுக்கு உரமிடுவோர்



நிலத்தில் உழவன் உரமிடுகிறான், பயிர் செழிக்கிறது. உலகப் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு விரிந்து கிடக்கும் கடலுக்கு உரமிடுபவர் யார்? இந்த வினாவிற்கே இன்று விடை கூற விரும்புகிறேன்.

கடலிலும் பயிர் உண்டு. நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளே அப்பயிர். அவற்றைச் சிற்றுயிர்கள் தின்கின்றன. சிற்றுயிர்களை மீன்கள் தின்கின்றன. மீன்களை நாம் உண்கிறோம். பாசிகள் வளர்வதற்கு நைட்ரஜன் தேவை. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் ஆயிற்றே, அது கடல் நீரிலும் கரைந்திருக்கிறதே, பின் குறை என்ன என்று நீங்கள் கேட்கலாம். காற்றிலுள்ள நைட்ரஜனின் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அக்கட்டை அவிழ்க்கும் ஆற்றல் பெரும்பாலான உயிர்களுக்கு இல்லை. வெப்ப மண்டலத்து நடுக்கடலின் தெளிந்த நீலத்தைக் கண்டு நாம் மகிழ்கிறோம். உண்மையில் அது கடலின் வறுமையைக் காட்டும் நிறம்.

உரத் தொழிற்சாலையில் அக்கட்டை அவிழ்க்க, 400 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பமும், காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. சில நுண்ணுயிர்களோ சாதாரணக் கடல் நீரிலேயே இதனைச் செய்து முடிக்கின்றன. நைட்ரஜனேஸ் என்னும் நொதியே அவற்றின் கருவி.

இவற்றுள் ஒன்று டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி. கடல்மேல் பழுப்பு நிறத் தூளாகப் படர்வதால், பழைய மாலுமிகள் இதனைக் 'கடல் மரத்தூள்' என்று அழைத்தனர். நம் மன்னார் வளைகுடாவிலும் அரபிக் கடலிலும் சில பருவங்களில் இது படர்வதுண்டு. அத்தூள் காற்றின் நைட்ரஜனை உணவாக்குகிறது என்பதை, 1961ஆம் ஆண்டில் டக்டேல், மென்ஸெல், ரைதர் ஆகியோர் அட்லாண்டிக்கின் சர்காஸோ கடலில் நடத்திய ஆய்வின் மூலம் காட்டினர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நைட்ரஜனேஸுக்கு ஆக்ஸிஜன் பகை; பட்டால் அது கெட்டுவிடும். பாசியோ சூரிய ஒளியில் உணவு சமைக்கும்போது ஆக்ஸிஜனை வெளிவிடும். ஒரே வீட்டில் இவ்விரண்டும் எவ்வாறு குடியிருக்க முடியும்?

வேறொரு நுண்ணுயிர் இச்சிக்கலை விந்தையாகத் தீர்த்திருக்கிறது. 1998ஆம் ஆண்டில் ஜொனாதன் ஸெர் என்னும் அமெரிக்க அறிஞர், பசிபிக் கடல் நீரில் அதன் மரபணுத் துணுக்கு ஒன்றை மட்டும் கண்டார். உயிர் அகப்படவில்லை. பின்னர் அதன் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஆக்ஸிஜனை உண்டாக்கும் பகுதியே அதனிடம் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் அதற்கு உணவு ஏது? பிராருடோஸ்ஃபேரா என்னும் வேறொரு பாசி அதற்கு உணவளிக்கிறது. அது அப்பாசிக்கு நைட்ரஜனை அளிக்கிறது. இது 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இருவரும் வெறும் கூட்டாளிகள்தாமா? இதனை அறிய அப்பாசியை ஆய்வுக் கூடத்தில் வளர்த்தாக வேண்டும். ஜப்பானின் கோச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோகோ ஹாகினோ என்னும் பெண்மணி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, 300க்கும் மேற்பட்ட பயணங்களில் கடல் நீரை அள்ளிவந்து முயன்று, அதனை வளர்த்துக் காட்டினார். அதன் பயனாக 2024ஆம் ஆண்டில் உண்மை புலப்பட்டது. அந்த நுண்ணுயிர், தான் குடியிருக்கும் பாசியோடு ஒத்த காலத்தில் பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்களில் ஏறத்தாழப் பாதியைப் பாசியிடமிருந்தே பெறுகிறது. விருந்தாளியாக வந்தது பாசியின் உறுப்பாகவே ஆகிவிட்டது! அவ்வுறுப்பிற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டனர்.

உட்கருவுள்ள உயிரணு எதற்கும் காற்றின் நைட்ரஜனைப் பிணைக்கும் உறுப்புக் கிடையாது என்று பாடநூல்கள் கூறிவந்தன. அவ்விதி அன்று தளர்ந்தது. நெல்லும் கோதுமையும் ஒரு நாள் தம் உரத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளுமா என்னும் கேள்விக்கும் இதனால் புதிய ஊக்கம் பிறந்திருக்கிறது. விடை காணும் பணி உங்கள் தலைமுறையினுடையது. பாடநூலைக் கருத்தூன்றிப் படியுங்கள்; அதில் 'முடியாது' என்று எழுதியிருக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.