வாக்குச் சீட்டும் வகுப்பறையும்

 

இருபத்தைந்து ஆண்டுகளாக ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களில் கல்வி விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், 'தேர்தல் முறைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்' என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது மதிப்பெண்ணுக்குரிய பாடம் மட்டுமன்று. நம் வாழ்வுக்குரிய பாடம்.

நமது விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். களிமண் குழம்பு ஒன்றே. ஊற்றும் அச்சு மாறினால் கோப்பையாக வேண்டியது பொம்மையாகிவிடும். வாக்குகளும் அத்தகையனவே. தேர்தல் முறை மாறினால், அதே வாக்குகள் வேறொருவரை அவைக்கு அனுப்பும்.

இதனைப் பத்தாம் வகுப்பில் நடத்திக் காட்டினோம். பிள்ளைகளைச் சாதி சொல்லிப் பிரித்தல் தகாது. ஆகவே நாற்பது பேருக்கும் குலுக்கல் முறையில் 32 மஞ்சள் சீட்டுகளும் 8 பச்சைச் சீட்டுகளும் வழங்கினோம். ஐந்து பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரவர் தம் நிறத்தார்க்கே வாக்களிப்பர் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து வாக்குகள் என்றபோது, ஐந்து இடங்களும் மஞ்சளுக்கே சென்றன. விகிதாசார முறையில் பச்சைக்கு ஓரிடம் கிடைத்தது. பச்சையார் எண்மர் மட்டுமே கூடித் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தபோதும் ஓரிடம் கிடைத்தது.

இறுதியாக, ஓரிடத்தைப் பச்சைக்கென ஒதுக்கி, நாற்பது பேரும் வாக்களிக்கச் செய்தோம். பச்சையில் இருவர் போட்டியிட்டனர். பச்சையார் எண்மரில் அறுவர் முதலாமவரை விரும்பினர். இருவர் இரண்டாமவரை விரும்பினர். மஞ்சளார் 32 பேரும் இரண்டாமவர்க்கே வாக்களித்தனர். 34க்கு 6 என்று அவரே வென்றார். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?" என்று கேட்டாள். நூறு பக்கப் பாடம் அந்த ஒரு வினாவில் அடங்கிவிட்டது.

இந்த வினாவே 1932ஆம் ஆண்டின் வரலாறு. இன்று 'தனித்தொகுதி' என்பது நம்மவர் மட்டுமே போட்டியிட, எல்லோரும் வாக்களிக்கும் தொகுதி. அன்று அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் நாடியதோ நம்மவரே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி. இவ்விரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாதவாறு ஆசிரியர் விளக்குதல் வேண்டும். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டின் அறிவிப்பு அவ்வுரிமையை வழங்கியது. பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு உண்டு. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாண அவைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்திற்கு 30. நம்மவர் முதலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரை அனைவரும் தேர்ந்தெடுப்பர். இடங்கள் பெருகின; இறுதிச் சொல் கைமாறியது. அண்ணல் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கோரினார் என்பதையும் மாணவர் அறிதல் நலம்.

விடுதலைக்குப் பின் சில தொகுதிகளில் இரட்டை உறுப்பினர் முறை இருந்தது. 1952இல் கடலூர்த் தொகுதியிலிருந்து இருவர் மக்களவை சென்றனர். அவருள் ஒருவர் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் ஓரிடம் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தும், முதலிரு இடங்களையும் பழங்குடியினரே பெற்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி 565 வாக்குகளில் தோற்று வழக்குத் தொடுத்தார். ஒதுக்கீட்டு இடத்தோடு பொது இடத்தையும் திறமையால் வெல்ல அவர்க்குத் தடையில்லை என்றே உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. 1961இல் அம்முறையே நீக்கப்பட்டது.

முறையை மட்டும் கற்பித்தால் போதுமா எனில், போதாது. மதுரை மாவட்டம் மேலவளவில் ஒதுக்கீட்டின்படி ஊராட்சித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் ஒதுக்கீடு வந்தும், 2006இல்தான் முறையான தேர்தல் நிறைவேறியது. சட்டம் நாற்காலியைத் தரும். அதில் அச்சமின்றி அமரும் நிலையைச் சமுதாயமன்றோ தருதல் வேண்டும்!

இதனால் ஒதுக்கீட்டை நாம் குறைத்து மதிப்பிடுவதாக எவரும் கருத வேண்டா. அஃதின்றேல் முதல் சோதனையிற் கண்டவாறு நமக்கு ஓரிடமும் இல்லை. கிடைத்த இடம் யாருக்காகப் பேசுகிறது என்று கேட்கும் அறிவும் உடன் வேண்டும் என்பதே நம் கருத்து.

பெற்றோர்களே! பதினெட்டு நிறைந்த பிள்ளையின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். அம்மாணவி கேட்ட வினாவை வாக்குக் கேட்டு வருவோர் அனைவரிடமும் கேட்கும் துணிவையும் அப்பிள்ளைக்கு அளியுங்கள். அத்துணிவை வளர்ப்பதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகுக என வாழ்த்தி அமைகின்றோம்.