காலை நடையும் கையில் கேமராவும்

(பொங்கலையொட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் சந்திப்பில் பேசியது. செய்திமடலுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



"நம்ம தோட்டத்துல போட்டோ எடுக்கிறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். பேசுகிறேன். நடுவில் பூச்சிமருந்துப் பேச்சும் கொஞ்சம் வரும். கமிட்டி உறுப்பினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

முதலில் உங்களில் பலர் கேட்கும் கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்? பட்டாம்பூச்சிக்கு உங்கள் கையிலிருக்கும் செல்போனே போதும். பறவைக்குப் போதாது. போனில் ஜூம் செய்தால் மைனாவும் காக்காயும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் கேமரா இல்லாமலே நடந்து பாருங்கள். எந்த மரத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பழகிவிடும். நுழைவாயில் ஆலமரத்தில் 'டொக் டொக்' என்று பாத்திரம் தட்டுவதுபோல் சத்தம் வருகிறதே, அது பிளம்பர் இல்லை; செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கை அளவுப் பறவை. பச்சை இலைக்குள் பச்சையாக உட்கார்ந்திருக்கும். காதால் இடத்தைப் பிடித்தபிறகுதான் கண்ணுக்குக் கிடைக்கும்.

பறவைக்கு ஆறரைக்கே வாருங்கள். பட்டாம்பூச்சிக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் அதனால் பறக்க முடியும். எட்டு மணி வாக்கில் இலைமேல் இறக்கையை விரித்து வெயில் காயும். படம் எடுக்க அதுதான் நேரம். பத்து மணிக்கு மேல் துரத்த வேண்டியிருக்கும். காலைச் சூரியன் சி பிளாக் பக்கமிருந்து வருகிறது. அதை முதுகில் வாங்கிக்கொண்டு, உங்கள் நிழல் பூச்சிமேல் விழாதபடி ஓரமாக நில்லுங்கள். நிழல் பட்டால் பறந்துவிடும். பூச்சியின் கண் மட்டத்துக்குக் குனிய வேண்டும். முட்டிவலிக்காரர்கள் நடைபாதை ஓரத்து மேடையில் உட்கார்ந்து எடுக்கலாம், நான் அப்படித்தான்.

போன மாதம் குரூப்பில் ஒரே பட்டாம்பூச்சி என்று இரண்டு படங்கள் போட்டு ஒரு விவாதம் ஓடியது. கறுப்பு இறக்கை, சிவப்புப் புள்ளி, நடுவில் வெள்ளைத் திட்டு. இரண்டும் வேறு வேறு. ஒன்று ரோஜா அழகி; அதன் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. இன்னொன்று கறிவேப்பிலை அழகியின் பெண். அதற்கு நஞ்சு கிடையாது. ரோஜா அழகியைப்போல வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கறுப்பாக இருந்தால் வேஷக்காரி.

இப்போது மருந்துக்கு வருகிறேன். கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் முட்டையிடுவது பி பிளாக் பின்னால் இருக்கும் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில். புழு முதலில் பறவை எச்சம்போல இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும், அவ்வளவுதான். கடிக்காது, அரிக்காது. முருங்கையில் வரும் கம்பளிப்பூச்சி வேறு. அது நிஜமாகவே அரிக்கும். அந்த விஷயத்தில் தரைத்தள வீட்டுக்காரர்களின் புகார் நியாயம், நானும் அவர்கள் கட்சி.

முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கடந்து பட்டாம்பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகும். நாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்தடிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் செடிகளில் ஒரு புழுகூட முடிவுவரை போக வழியில்லை. நாம் படம் எடுப்பதெல்லாம் பக்கத்துக் காலி மனையிலிருந்து வருபவை. அங்கேயும் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தவிர, அதே கறிவேப்பிலையைத்தான் நாம் பறித்து ரசத்தில் போடுகிறோம். கொசுவுக்குப் பயந்து அடிக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். கொசு இலையில் முட்டையிடுவதில்லை. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் இடுகிறது. தட்டைக் கவிழ்த்தால் போதும்.

பி பிளாக் பின்புறம் அந்த ஏழு செடிகளை மட்டும் மருந்திலிருந்து விட்டுவிடுங்கள் என்று கமிட்டியிடம் கேட்கிறேன். ஆறு மாதம் பார்ப்போம். இலை மொட்டையானால் பழியை என்மேல் போடுங்கள்.

மருந்தடிப்பவரை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனசில்லை. இரண்டு வருடம் முன்பு வாதுமைக் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டு இலைகளை நாராலும் பஞ்சாலும் தைத்து, உள்ளே மூன்று குஞ்சுகள். முன்னால் ஓர் இலை மறைத்தது. அந்தக் கிளையை வளைத்துச் சணல் கயிற்றால் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். அருமையாக வந்தது. குரூப்பில் போட்டேன், நாற்பத்தேழு பேர் ஹார்ட் போட்டிருந்தீர்கள். மறுநாள் பிள்ளைகளும் பெரியவர்களும் போனோடு வந்தார்கள். தாய்ச்சிட்டு எதிர் வேலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் அதையும் படம் எடுத்தோம்.

மூன்றாம் நாள் காலை கூடு கிழிந்து கிடந்தது. காக்கா என்று செக்யூரிட்டி தம்பி சொன்னார். நான் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தைப் பிறகு யாருக்கும் காட்டவில்லை. இன்றைக்குத் திரையில் போட்ட படங்களிலும் அது இல்லை.

அதனால் கூட்டைக் கண்டால் குரூப்பில் இடம் சொல்லாதீர்கள். இலையை விலக்காதீர்கள். வரவழைக்கப் போனில் பறவைக் குரலைப் போடாதீர்கள். எட்டாவது மாடி ஏ.சி. பெட்டிக்கு மேலே குடியிருக்கும் புள்ளி ஆந்தைமேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் வீட்டுப் பக்கத்துப் பறவைகளை எண்ணும் வழக்கம் இருக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை ஈபேர்ட் செயலியில் பதிய வேண்டும். கேமரா தேவையில்லை. நாமும் செய்வோம். அதற்குப் பழக, வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு ஆலமரத்தடிக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு டி-ஷர்ட் மட்டும் வேண்டாம். காபி என் வீட்டில்.