ராஜினாமா எழுதி வாங்காதீர்கள்

(உலக மனநல நாளையொட்டி ஆம்பூரில் நிகழ்த்திய உரை)



ஷூ கம்பெனி நடத்தும் சகோதரர்களிடமும், அங்கே வேலை செய்யும் பெண்களின் வீட்டாரிடமும் ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

தையல் மெஷினில் இருக்கும் ஒரு பெண் பல நாளாகத் தூங்கவில்லை. தனக்குள் பேசிக்கொள்கிறாள். டார்கெட் முடிவதில்லை. அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். சூப்பர்வைசர் கணக்கை முடிக்கச் சொல்வார். வெளியே தெரிந்தால் நிக்காஹ் பேச்சு கெடும் என்று வீட்டாரும் ராஜினாமா எழுதிக் கொடுப்பார்கள். ஓதிப் பார்ப்பதும் நடக்கும். துஆ செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த இ.எஸ்.ஐ.யை அப்போது யாரும் நினைப்பதில்லை.

காசநோயைப் போலவே மனச்சிதைவு நோய்க்கும் இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய் உதவி உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தாவும் முறையாகக் கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். நோய் உதவி பெறும் காலத்தில் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு. ஆகவே முதலாளிமார்களே, நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ராஜினாமா அல்ல, இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று. தாங்க முடியாத சுமையைப் பணியாளர் மீது ஏற்ற வேண்டாம், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது.

பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிக் கவனிப்பது வழக்கம். அந்தத் துணைக்கும் லீவு கொடுங்கள். இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 14416க்குப் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

இ.எஸ்.ஐ. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இ.எஸ்.ஐ. அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.