சேரி போய் காலனி வந்தது

(உத்திரமேரூர் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலனி என்பது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. போகிற இடமெல்லாம் அதுக்கு வேற வேற அர்த்தம். சரித்திரப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட நாடு. உயிரியல் வாத்தியாருக்கு எறும்புக் கூட்டம், பாக்டீரியாக் கூட்டம். சென்னை பெசன்ட் நகரில் கலாக்ஷேத்ரா காலனி என்றால் வசதியானவங்க குடியிருப்பு. நம்ம பக்கம் 'காலனி ஸ்டாப்பிங்' என்று டிக்கெட் கேட்டால் மட்டும் பக்கத்து சீட்டுக்காரன் ஏற இறங்கப் பார்க்கிறான். அங்கே விலாசம், இங்கே சாதி.

லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவன். ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் 'கொலோனியா'. நிலத்தோடு பிறந்த சொல், இங்கே நிலமில்லாதவன் தெருவுக்குப் பேராச்சு.

சேரிக்கும் இதே கதிதான். நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்குது; 919, 921ஆம் வருஷத்தது. குடவோலை ஜனநாயகம் என்று பெருமை பேசுறாங்களே, அதில் 12 சேரி வருது. யார் சேரி? பிராமணர் சதுர்வேதிமங்கலத்தின் பகுதிகள்! அன்றைக்கு அந்தச் சொல்லில் இழிவில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு உள்ளவன் பேர்தான் குடத்தில் விழும் என்பதும் அதே கல்வெட்டுதான். உழுதவன் பேர் எந்தக் குடத்தில் விழுந்தது?

பின்னால் சேரி என்பது நம்ம குடியிருப்புக்கு மட்டும் பேரானது; சொல் கேவலமாச்சு. அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக் காலனி என்றது, அதுவும் கேவலமாச்சு. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சுடுகாட்டுக்குப் பாதையும் மனைக்குப் பட்டாவும் இல்லாமல் 'நகர்' என்று எழுதினால், நாளைக்கு நகரும் வசைச்சொல்லாகும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார்; 1892இல் வெள்ளைக்கார சர்க்கார் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. மற்ற சாதியார் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994இல் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள்.

எனவே தோழர்களே, பேர்ப்பலகை மாற்ற வரும் அதிகாரியிடம் கிராமத்து 'அ' பதிவேட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தெந்த சர்வே நம்பர் பஞ்சமி நிலம், இன்று யார் கையில் இருக்குது என்று ஊர் நடுவில் வாசிக்கச் சொல்லுங்கள்.