முதலிடும் முன் அறிய வேண்டியவை

 

தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் உயர்ந்து நிற்கும். அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இவ்வூரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் தொழிலாளர் ஜீப்பில் ஏறி அங்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கு விளையும் காய் போடிநாயக்கனூரில் விலையாகிறது. இத்தகைய தொழிலில் ஒரு குடும்பம் தன் சேமிப்பை இடுவதற்கு முன் எதனை, எங்கே, எவ்வாறு அறிய வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. விளைச்சல் குன்றியது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலச்செடியோ, நட்ட மூன்றாம் ஆண்டளவில்தான் பயன் தரத் தொடங்கும். அன்றைய விலையை நம்பி நட்டவர் 2022இல் காய் பறித்தபோது சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. நகையை அடகு வைத்து நட்ட குடும்பத்திற்கு அது எத்தகைய இடி! விலைச் செய்தி பொய்யன்று. அதனைப் படித்த முறையே பிழை.

ஆகவே முதலில் நாட வேண்டியது, கொச்சியில் இயங்கும் இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் இணையதளம். ஏல நாள்தோறும் வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை அங்கு வெளியிடப்படுகின்றன. உச்ச விலை என்பது பருத்து, பச்சை மங்காத ஒரு குவியலுக்குக் கிடைத்தது. தோட்டத்தின் வருவாயைக் கணிக்கச் சராசரியே துணை. ஐந்தாறு ஆண்டுச் சராசரியை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குப் புலப்படும். ஏலத்தில் வாங்கிய சரக்கே மீண்டும் ஏலத்திற்கு வருவதும் உண்டு. ஆதலால் வரத்து முழுவதையும் விளைச்சலாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, ஏற்றுமதிக் கணக்கு. இதனை மத்திய அரசின் வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககம் கொல்கத்தாவிலிருந்து தொகுக்கிறது. 0908 என்னும் குறியீட்டில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஏலத்துடன் சேர்ந்தே வரும்; உட்பிரிவைப் பிரித்துப் படிக்க வேண்டும். குவாத்தமாலா நாட்டு விளைச்சலையும் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளின் சந்தையில் நம் காய்க்குப் பெரும்போட்டி அந்நாடே. அங்கு விளைச்சல் பெருகினால் போடியிலும் விலை தளரக்கூடும்.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கலுக்கு உரியவர் யார் என்பது. ஏலம் நடத்துவோர்க்கும் வணிகர்க்கும் வாரியத்தின் உரிமம் வேண்டும். எதிர்த் தரப்பு ஒரு நிறுவனமாயின், அதன் ஆண்டுக் கணக்கை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கடனுக்குச் சரக்கு கொடுத்தபின் விசாரிப்பதினும் முன்னரே விசாரிப்பது நன்று.

இறுதியாக, ஏட்டில் கண்டதை நேரில் சென்று உரைத்துப் பார்க்க வேண்டும். பறிப்புக் கூலி, உலர்த்தும் செலவு, காய் தரம் பிரிப்போரின் அனுபவம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் முழுமையாக இரா. தோட்டக்காரர், தொழிலாளர், வணிகர் என மூவரையும் கேட்டு, மூவர் சொல்லும் ஒத்துவரும் இடத்தையே உறுதியெனக் கொள்ள வேண்டும்.

முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் ஒருநாள் விலையை நம்பிக் கரையலாகாது. தொழில் எதுவாயினும், அறிந்தபின் முதலிடுவதே குடும்பத்திற்குக் காப்பு.