கடையில் நிற்கும் நம் பிள்ளைகள்

(தீபாவளி விடுமுறையில் நடந்த தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் கொழுந்து நிறையைப் பற்றிப் பேச வரவில்லை. அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. கொழும்பில் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

போன வருடம் ஒரு அம்மா எங்களிடம் வந்தார். லீவில் வந்த மகள் திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள், காரணமும் சொல்லவில்லை என்றார். பிள்ளை எங்கள் மாதர் தலைவியிடம் மட்டும் வாய் திறந்தது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை. மனேஜர் சாமான் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே ஏசுகிறார். "தோட்டக்காட்டுக்கு இதுதான் தெரியும்" என்பது தினமும் கேட்கும் பேச்சு. காலையில் நின்றால் இரவு எட்டு மணிவரை உட்கார விடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம். ஒரு சேலை குறைந்தால் அந்தப் பக்கம் நின்ற எல்லாருடைய சம்பளத்திலும் கழிப்பு. அடையாள அட்டை மனேஜரின் லாச்சியில்.

அந்தக் காலத்துத் துண்டு முறையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதை 1921இல் சட்டம் ஒழித்தது. நூறு வருடம் கழித்து நம் பிள்ளையின் அட்டை ஒரு லாச்சிக்குள் கிடக்கிறது!

"பொறுத்துக்கொள், வேலை போய்விடும்" என்றுதான் பெற்றவர்கள் சொல்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஆனால் மலையில் கணக்கப்பிள்ளை தகாத வார்த்தை பேசினால் நாம் பொறுத்துக்கொள்கிறோமா? கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம். கடையில் பிள்ளை தனியாக நிற்கிறது. மனேஜரின் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அந்தக் கடையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர். மாதர் தலைவி அவர்களை ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். என்ன தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று அன்றன்றே எழுதச் சொன்னார். இரண்டு மாதம் எழுதினார்கள். பிறகு நாலு பேரும் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கே ஒரு கடிதம் கொடுத்தார்கள். மனேஜர் ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். "வந்தால் நாலு பேரும் வருவோம்" என்றார்கள். அதைச் சொல்லும்போது கால் நடுங்கியது என்று பிறகு ஒரு பிள்ளை சொல்லிச் சிரித்தது.

அட்டைகள் கைக்கு வந்தன. கழித்ததில் ஒரு மாதக் காசு வந்தது, மிச்சம் இன்னும் வரவில்லை. மனேஜர் அதே கதிரையில்தான் இருக்கிறார், ஆனால் ஏச்சு குறைந்திருக்கிறது. ஒரு பிள்ளை வேலையை விட்டுவிட்டது. முழு வெற்றி என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

சட்டம் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. நியமனக் கடிதம் தர வேண்டும். முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கைவைக்க முடியாது. சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். பிடித்த காசு கணக்கில் விழுந்ததா என்று பாருங்கள். விழாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். கை படுவது, அசிங்கமாகப் பேசுவது எல்லாம் தண்டனைச் சட்டத்தின் 345ஆம் பிரிவில் வரும் குற்றம். அதற்குக் கொப்பி எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், நேரே பொலிசுக்குப் போங்கள்.

ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனேஜர் ஏசி ஏசி உங்களை அந்த இடத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு போவார். நிற்பாட்டிவிட்டார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது பெரிய பாடு.

கடைப் பிள்ளைகளுக்குச் சங்கம் ஏது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் ஒன்றுசேர்ந்தார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை வைக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பெண்களும் நம் பிள்ளைகளைப் போல நாள் முழுக்கத் துணி மடித்தவர்கள்தான்.

லீவு முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன், எந்தக் கடை, எந்தத் தெரு, அதே கடையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் வேறு யார் என்று மாதர் தலைவியிடம் எழுதிக் கொடுங்கள். கொப்பி வாங்கக் காசில்லை என்றால் நாங்கள் வாங்கித் தருகிறோம்.