ஓலை வேகட்டும்

கொழுக்கட்டைக்கு மாவு பிசைவது எப்படி என்று சொல்லித்தர நான் வரவில்லை. அது உங்கள் வீட்டிலேயே தெரியும். ஓலைக் கொழுக்கட்டை விஷயத்தில் எனக்கொரு ஆத்திரம் இருக்கிறது. அதைக் கொட்டத்தான் வந்திருக்கிறேன்.

என் தம்பி மகள் போனைப் பார்த்து ஜப்பான்காரர்களின் மஞ்சூ செய்தாள். கோதுமை மாவுக்குள் அசுகிப் பயறு விழுதை வைத்து ஆவியில் அவிக்கிற இனிப்பு அது. அசுகி கிடைக்காமல் தட்டாம்பயறு போட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அதே பிள்ளை கார்த்திகைக்குக் கருப்பட்டி மாவை சிலிக்கான் அச்சில் அமுக்கி அவித்து, "ஓலைக் கொழுக்கட்டை" என்று தட்டில் வைத்தாள். ஓலை எங்கடி என்றால், "அது சும்மா பொட்டலம்தானே அத்தை" என்கிறாள்.

பொட்டலமா? மாவு வெந்தால் மட்டும் போதாது, நேயர்களே. ஓலை வேக வேண்டும். வெந்த ஓலையின் மணம் மாவில் இறங்கினால்தான் அது ஓலைக் கொழுக்கட்டை. இல்லாவிட்டால் வெறும் இனிப்புக் கொழுக்கட்டை. தப்பில்லை, ஆனால் பேரை மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியதாழை கடலோர ஊர். கொஞ்சம் உள்ளே போனால் தேரிக்காடு, செம்மண், பனை. நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அத்தை கருப்பட்டி விற்க வருவார். எங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டில் கார்த்திகைக்கு விளக்கு வைப்பதில்லை, ஆனால் அவரிடமிருந்து கொழுக்கட்டை தவறாமல் வந்துவிடும். பதிலுக்கு அம்மா கருவாடு கொடுத்து அனுப்புவாள். ஒரு வருஷம் அந்த அத்தை எங்கள் அடுக்களையிலேயே உட்கார்ந்து செய்து காட்டினார். இத்தனை காலத்தில் அவர் கைக்கு ஈடான கையை நான் பார்த்ததில்லை. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஓலை. வளர்ந்த பனையின் முற்றல் ஓலையை அவர் தொடமாட்டார். வடலியிலிருந்து இளசாக வெட்டி வருவார். ஒவ்வொரு இலக்கும் பிறவியிலேயே நடுவில் மடிந்து, ஓடை போல இருக்கிறது அல்லவா? அதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் துடைத்து, அந்த ஓடையில் மாவை நிரப்பி, மேலே இன்னொரு துண்டைக் கவிழ்த்து, ஓலை நாராலேயே கட்டுவார். இரண்டு நுனியிலும் ஒரு விரல் இடம் காலியாக விடுவார். நான் விளிம்பு வரை திணித்தபோது, "ஏ பிள்ள, ஓலைக்கு மூச்சு விட வழி வேண்டாமா?" என்றார். நுனி திறந்திருந்தால் ஆவி உள்ளே போய் ஓலையை உட்புறமும் வேகவைக்கும். அடைத்துவிட்டால் மாவு மட்டும் வேகும், நடு களியாகும். மறுபடி சொல்கிறேன்: நுனியை அடைக்காதீர்கள். ஒரு விரல் இடம் விடுங்கள்.

மாவு எப்படி இருக்க வேண்டும் என்றால், புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவில். கருப்பட்டியைக் கரைத்து, வடிகட்டி, சூடாக ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் பல்லில் மண் நெறுநெறுக்கும். பச்சரிசி மாவு, வறுத்து உடைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம். இவற்றின் அளவு வீட்டுக்கு வீடு மாறும், அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வெந்துவிட்டதா என்று பார்க்க அந்த அத்தை மூடியைத் திறந்ததே இல்லை. கொப்பரையிலிருந்து வரும் ஆவியை மோந்து பார்ப்பார். முதலில் தேங்காய் மணம் வரும், பிறகு கருப்பட்டி மணம், கடைசியாக ஓலை மணம். ஓலை மணம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் இறக்குவார். மூடியைத் திறந்தால் ஓலையின் பச்சை போய்ப் பழுப்பு ஏறியிருக்கும். அதுதான் பதம். பச்சையாகவே இருந்தால் மூடிவிடுங்கள், ஓலை இன்னும் வேகவில்லை.

ஜப்பானையும் விட்டுவிட மாட்டேன். 14-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து நாரா நகருக்கு வந்து தங்கிய ரின் ஜோயின் என்பவர்தான் பயறு வைத்த மஞ்சூவைத் தொடங்கினார் என்று அங்கே கதை சொல்கிறார்கள். அவர் பேரில் கோயிலே இருக்கிறது. கொழுக்கட்டைக்காரருக்குக் கோயில் கட்டிய ஊரை எனக்குப் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது நிகாட்டாப் பக்கத்துச் சாசா தாங்கோ. அரிசி மாவு உருண்டைக்குள் பயறு விழுது வைத்து, மூங்கில் வகை இலையில் சுற்றி, நார் கட்டி அவிக்கிறார்கள். இலையை அவர்கள் பொட்டலம் என்று தூக்கி எறியவில்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் உண்டு: 1542-இல் நம் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் 1549-இல் ஜப்பானில் காகோஷிமாவில் போய் இறங்கினார். போர்த்துக்கீசியர் வழியாக அங்கே காஸ்டெல்லா கேக் வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர்களிடம் மஞ்சூ இருந்தது. இன்றைக்கும் இரண்டையும் செய்கிறார்கள். என் தம்பி மகளும் இரண்டையும் செய்யட்டும், ஓலையோடு.

கருப்பட்டிக்கும் ஒரு வார்த்தை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் சீனி கலந்ததும் அதே பெயரில் சந்தையில் ஓடுகிறது. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரிப் பளபளத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பதநீர்க் காலம் கோடையோடு முடிந்துவிடும், ஆகவே கார்த்திகைக்குக் கிடைப்பது பழைய கருப்பட்டிதான். பரணில் புகை பட்டுக் கிடந்த பழைய கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். என் கணக்கில் புதியதைவிட அதுவே உசத்தி.

அச்சு வாங்கும் காசில் பாதியைப் பனையேறுகிறவருக்குக் கொடுத்தால் ஒரு வடலி ஓலை வெட்டித் தருவார். "சும்மாதானே வளருது" என்று இலவசமாகக் கேட்காதீர்கள். ஓலைக்குக் காசு கொடுத்து வாங்குங்கள்.